பிள்ளை பெற்றவள் சாப்பாடு

போன வாரம் எதிர்வீட்டில் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். மறுநாள் காலையிலேயே பூண்டும் மிளகும் நல்லெண்ணெயில் வேகிற வாசனை நம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பெரியவளே, நீ காலாப்பட்டுக் காலேஜுக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாய். மூக்கை உறிஞ்சிவிட்டு என்னிடம் கேட்டாய்.

"அப்பா, இந்த வாசன நம்ம வூட்லயும் ஒரு தடவ வந்துது. அம்மாவுக்கு மட்டும் தனியா கொழம்பு வெச்சாங்க. ஆனா நம்ம வூட்லதான் பாப்பாவே இல்லயே, அப்புறம் ஏன் வெச்சாங்க?"

பதிலுக்கு நீ நிற்கவில்லை. பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டாய். சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்த சின்னவன், "எந்தப் பாப்பா?" என்றான். உள்ளே அம்மா இட்லிப் பானையின் மூடியைக் கையில் எடுத்தவள், கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். ஆவி அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை, பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா என்று அவளைக் கேட்டேன்.

"சொல்லுங்க. என்னால வாயால சொல்ல முடியாது. நீங்க வாயால சொன்னாலும் பாதியிலயே அழுதுடுவீங்க. எழுதிக் குடுத்துடுங்க" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கை இது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியவளே, அப்போது நீ ஒன்றாவது படித்தாய். சின்னவன் பால் பாட்டிலை விடாத வயது. அம்மாவுக்கு ஏழாவது மாதம். நீ வேனில் என் பக்கத்து சீட்டில்தான் வருவாய். மற்றப் பிள்ளைகளிடம், "எங்க வூட்டுக்குப் பாப்பா வரப்போவுது, அதுக்கு இந்த எடம், யாரும் உக்காரக் கூடாது" என்று சீட்டின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தைக் கையால் தட்டிக் காட்டுவாய். அவர்களும் ஒதுங்கி உட்காருவார்கள். இது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

ஒரு நாள் காலையில் வேன் நிறையப் பிள்ளைகளோடு அரியாங்குப்பம் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். உங்கள் பெரியம்மா போன் செய்தார். அம்மாவின் அக்காவான அவர், அப்போது உதவிக்காக நம் வீட்டில் வந்து தங்கியிருந்தார். "தம்பி, ரத்தமா போவுது, ஆட்டோவுல ஏத்திக்கினு பெரியாஸ்பத்திரிக்குப் போறேன், நேரா வந்துடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிள்ளைகளை நடுவழியில் இறக்கிவிட்டு ஓட முடியுமா? பாலத்தில் நெரிசல். ஒவ்வொரு பிள்ளையாகப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினேன். நீ கடைசியாக இறங்கி, "டாட்டா சொல்லலயே" என்று திரும்பி வந்து நின்றாய். டாட்டா சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது. நெற்றியெல்லாம் வியர்வை.

"குழந்தையக் காப்பாத்த முடியலங்க. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோட ஒட்டிக்கிட்டிருக்கு, ரத்தம் நிக்கல. அம்மாவக் காப்பாத்தணும்னா கர்ப்பப்பையையும் எடுக்கணும்."

"எடுத்துடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? பெரியம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் குழந்தையை என்னிடம் கொடுத்தார்கள். பெண் குழந்தை. அதைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்த கதை கொஞ்சம் பின்னால் வருகிறது. அம்மாவிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியேதான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அம்மாவுக்கு நினைவு வந்தது. பெரியம்மா அழுகிற முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சுவர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவளைப் போட்டது, வயிற்றை அறுத்துப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிற வார்டு. வேறு கட்டில் காலியாக இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு தொட்டில். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிலை நர்சம்மா சத்தம் கேட்காமல் தூக்கிக்கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டார். தொட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது.

அங்கே ஆம்பிளைகளுக்குச் சாயங்காலப் பார்வை நேரத்தில் மட்டும்தான் அனுமதி. மற்ற நேரமெல்லாம் பெரியம்மாதான் கூட இருந்தார். அதனால் காலையில் நடந்ததெல்லாம் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து வயிறு உப்ப ஆரம்பித்தது. குழந்தையை எடுத்தபிறகும் வயிறு ஏழு மாத வயிறு மாதிரியே நின்றது. தட்டினால் பறை மாதிரி சத்தம் வருகிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். பச்சையாக வாந்தி வந்தது. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, வயிற்றில் தேங்கியதைப் பைக்கு இறக்கினார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. கையில் குளுக்கோஸ் மட்டும். உதடு வெடித்துப் போயிருந்தது. ஈரத் துணியால் தொட்டுத் தொட்டு வைப்பார் பெரியம்மா.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு டாக்டரம்மா நல்லபடியாகச் சொன்னார்.

"வயித்தத் திறந்து வேல செஞ்சிருக்கோம் இல்லம்மா. குடல் மிரண்டுபோய் அப்படியே நின்னுடும். சில பேருக்குச் சீக்கிரம் அசைய ஆரம்பிச்சிடும், சில பேருக்கு லேட்டாகும். அசைஞ்சா காத்து பிரியும். காத்து பிரிஞ்ச அப்புறம்தான் தண்ணி, அப்புறம் கஞ்சி. அதுவரைக்கும் எழுந்து நடக்கணும். நடந்தாதான் குடலும் நகரும்."

ஆகவே தினமும் காலையில் டாக்டரம்மா வரிசையாகக் கட்டில் கட்டிலாக வந்து கேட்கிற முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். சிரிக்காதீர்கள். அந்த வார்டில் பத்தாவது பாஸா பெயிலா என்று கேட்கிற மாதிரி அது. புதிதாக வந்த பெண்கள் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வெட்கமே கிடையாது.

"எனக்குப் பிரிஞ்சிடுச்சி டாக்டர், காலையிலயே. இவங்க எல்லாம் யாரோ பட்டாசு வெச்சிட்டாங்கன்னு எழுந்துட்டாங்க. இப்ப எனக்கு இட்லி உண்டா இல்லயா, அதச் சொல்லுங்க."

வார்டே தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். சிரித்தால் தையல் வலிக்கும், வலித்தாலும் சிரிப்பு நிற்காது. அம்மா மட்டும் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவளிடம் கேட்டபோது தலையை ஆட்டினாள், இல்லை என்று.

நர்சம்மா ஒரு யோசனை சொன்னார். சூயிங்கம் வாங்கிவரச் சொன்னார். நான் முதலில் நம்பவில்லை. பெரியம்மாவோ சண்டைக்கே போய்விட்டார். உங்களுக்குத் தெரியும், நம் வீட்டில் சூயிங்கம் என்ற பேச்சே கூடாது. விழுங்கினால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொல்வாள். பெரியவளே, நீ ஒரு தடவை வேனில் யாரோ கொடுத்ததை விழுங்கிவிட்டு, "நான் செத்துடுவனா?" என்று வீடு முழுக்க அழுதுகொண்டே சுற்றினாய். அம்மா உனக்கு வாழைப்பழமாக ஊட்டித் தள்ளினாள்.

அப்படிப்பட்டவளுக்கு நான் ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையில் சூயிங்கம் வாங்கிக்கொண்டு போனேன். கடைக்காரர், "கொழந்தைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. "வயித்தயே அறுத்து வெச்சிருக்காங்க, இதுல இது வேற போயி ஒட்டிக்கணுமா?" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நர்சம்மா வந்தார். "முழுங்கச் சொல்லலம்மா, மெல்லச் சொல்றேன். நீ மென்னா, சோறு வருதுன்னு நெனச்சிக்கினு கொடலு எழுந்திரிக்கும். சும்மா ஏமாத்தற வேலதான்."

"ஏற்கெனவே ஏமாந்த ஒடம்பு சிஸ்டர் இது" என்றாள் அம்மா.

நர்சம்மா அம்மாவின் காலைப் போர்வையால் மூடிவிட்டுப் போனார். அம்மா உடம்பு ஏமாந்தது எப்படி என்று எனக்கும் தெரியும். பால் வந்துவிட்டிருந்தது. குடிக்க ஆள் இல்லை என்று மாருக்குத் தெரியாது இல்லையா? கல் மாதிரி கட்டிக்கொண்டு, காய்ச்சல் வேறு. துணியால் இறுக்கிக் கட்டி மாத்திரை போட்டார்கள். வார்டில் எந்தக் குழந்தை அழுதாலும் அவள் ரவிக்கை நனையும். பெரியம்மா துண்டை மடித்து வைப்பார். இதையெல்லாம் பிள்ளைகளிடம் எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியில் பாகூர்க்காரிதான் சூயிங்கத்தை மெல்ல வைத்தாள். தன் பங்குக்கு ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, "வாக்கா, ரெண்டு பேரும் காலேஜு பொண்ணுங்க மாதிரி மெல்லலாம். என் வூட்டுக்காரரு வந்து பாத்துட்டு, எந்தப் பஸ் ஸ்டாண்டுலருந்து புடிச்சாந்தீங்க இவளன்னு கேக்கட்டும்" என்றாளாம். அம்மா மென்றாள். ஆனாலும் வயிறு அசையவில்லை. மெல்லுவது ஒரு பங்கு என்றால் நடப்பதுதான் பெரிய பங்கு. அவள் நடக்க மாட்டேன் என்றாள்.

பெரியம்மா கெஞ்சினார், திட்டினார். "ரெண்டு புள்ளைங்க வூட்ல உக்காந்துக்கினு இருக்குதுங்கடி, எழுந்துருடி" என்றார். எழுந்து உட்காருவாள். காலைக் கீழே வைப்பாள். நாலடி வைப்பாள். அப்புறம் திரும்பிவந்து படுத்துக்கொள்வாள். வலி என்பாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே போனா ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். எங்கயாவது அடைப்பு இருந்தா மறுபடியும் திறக்க வேண்டி வரும். ஏற்கெனவே ரத்தம் ரொம்பப் போயிருக்கு, இன்னொரு ஆபரேஷன் தாங்கறது கஷ்டம். எப்படியாவது நடக்க வைங்க" என்றார்.

நான் வார்டுக்குள் வந்து அவள் கட்டில் ஓரமாக நின்றேன். சும்மா அவள் பார்க்கிற பக்கம் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. அவள் நடக்க வேண்டிய வழி வார்டுக்கு நடுவில் இருக்கிற பாதை. இரண்டு பக்கமும் தொட்டில்கள். அதைத் தாண்டினால் தாழ்வாரம். அங்கே குழந்தைகளுக்கு ஊசி போட வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் நாலடி வைத்துத் திரும்புகிற இடம், முதல் தொட்டில் வருகிற இடம்.

"இந்தப் பக்கமாத்தான் நடக்க முடியலயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கட்டிலுக்குப் பின்னால் பூட்டியிருந்த ஒரு கதவைத் திறந்துவிட்டார். பின்பக்க வராண்டா. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடியில் காயப் போடுகிற இடம். பச்சைத் துணிகளும் வெள்ளை விரிப்புகளும் வரிசையாகத் தொங்கின. ஆள் இல்லை, தொட்டில் இல்லை. "பார்வ நேரம் முடியறதுக்குள்ள கூட்டியாந்துடுங்க" என்றார்.

பெரியம்மா ஒரு போர்வையைச் சுருட்டி அம்மாவின் கையில் கொடுத்து, தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இருமினாலும் நடந்தாலும் தையல் இழுக்காமல் இருக்க அதுதான் வழி. குளுக்கோஸ் பாட்டிலை நான் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மூக்குக் குழாயின் பையை என் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டேன். இந்தக் கோலத்தில் இரண்டு பேரும் வராண்டாவில் இறங்கினோம்.

கதவைத் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"எங்க வெச்சீங்க?"

"ஆத்தோரம். நம்ம சுடுகாட்டுல."

"தனியாவா போனீங்க?"

"இல்ல. கூட வேன் ஓட்டற நம்ம செட்டுக்காரன் வந்தான். அவன்தான் வண்டிய ஓட்டனான். நான் மடியில வெச்சிக்கினு வந்தேன்."

அவள் நடந்தாள். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

"எந்த எடம்?"

"பூவரச மரம் ஒண்ணு இருக்குதே, அதுக்குக் கெழக்கால. நெழலு வுழுது. நாயி தோண்டாத மாதிரி ஆழமா எடுக்கச் சொன்னேன். மேல முள்ளு போட்டு கல்லு வெச்சிட்டு வந்தோம்."

"எதுல சுத்துனீங்க?"

"உன் பச்ச நூல் பொடவ. அக்கா வூட்டுக்குப் போயி எடுத்தாந்துச்சி."

"அதுவா? அது நல்ல பொடவயாச்சே." கொடி முடிகிற வரைக்கும் நடந்தாள். பிறகு அவளே, "நல்லதுலதான் சுத்தணும்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். பாட்டிலைப் பிடித்த கை தானாக இறங்கிவிட்டது. ஊசிக் குழாயில் ரத்தம் திரும்பி ஏற ஆரம்பித்தது. அவள் பார்த்துவிட்டு, என் முழங்கையைத் தன் கையால் தூக்கிவிட்டாள்.

"கையத் தூக்குங்க. நின்னுட்டீங்க பாருங்க, சொல்லிக்கினே வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

முகம் எப்படி என்று கேட்டாள். பெரியவ பொறந்தப்ப இருந்த மாதிரியே என்றேன். முடி? நிறைய இருந்தது. கண்? மூடியிருந்தது. கால் எப்படி என்று கேட்டாள். "உன் காலுதான். ரெண்டாவது வெரலு நீளம்" என்றேன். அங்கே நின்று, தொங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். போர்வைச் சுருட்டைத் தையலோடு அழுத்திக்கொண்டு, வயிறு குலுங்காமல், சத்தமில்லாமல். விரிப்பு ஈரமாகத்தான் இருந்தது. அவள் முகத்தை எடுத்தபோது எது கண்ணீர், எது துவைத்த தண்ணீர் என்று தெரியவில்லை.

பிறகு மறுபடியும் நடந்தாள். வராண்டாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. மணி அடித்து ஆம்பிளைகளை வெளியே போகச் சொல்கிற வரைக்கும் நடந்தோம்.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது, போர்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "நேத்து சொன்னத மறுபடியும் சொல்லுங்க" என்றாள். அதையேதான் சொன்னேன். செட்டுக்காரன் வண்டி ஓட்டியது, பூவரச மரம், பச்சைப் புடவை, இரண்டாவது விரல். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கடுத்த காலையில் டாக்டரம்மா வந்து வழக்கம்போலக் கேட்டபோது, அம்மா தலையை ஆட்டினாள். இந்தத் தடவை ஆமாம் என்று.

பாகூர்க்காரி கட்டிலிலிருந்தே கத்தினாளாம். "அக்கா பாஸ்! அக்கா பாஸாயிடுச்சி!" வார்டில் இருந்தவர்களெல்லாம் கை தட்டினார்கள். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா உருளுது" என்றார். மூக்குக் குழாயை எடுத்தார்கள். அன்று ஒரு மடக்கு வெந்நீர். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மடக்கு. வாந்தி வரவில்லை. பிறகு வடிகஞ்சி, உப்பு போட்டு. அடுத்த நாள் குழைத்த சோறு. ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கஞ்சியை முதலில் வாயில் வைத்தபோது அம்மா அழுதாள் என்று பெரியம்மா சொன்னார். ருசியா என்று கேட்டேன். "ருசியா? உப்பே பத்தல. பசிச்சிடுச்சேன்னு அழுவறா" என்றார் பெரியம்மா.

அது அப்போது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பெரியவளே, நீ வாசலில் நின்று அம்மாவின் கையைப் பார்த்தாய், பிறகு பெரியம்மாவின் கையைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய். மூன்று பேர் கையிலும் பைதான் இருந்தது. பாப்பா சாமியிடம் போய்விட்டது என்று முன்பே உனக்குச் சொல்லியிருந்தோம். அடுத்த நாள் வேனில் அந்த ஒரு சாண் இடத்தில் உன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டாய்.

வீட்டில் அம்மாவுக்கு ஆபரேஷன்காரிச் சாப்பாடு. கஞ்சி, இட்லி, குழைத்த பருப்புச் சோறு, இளநீர். தெருக்கோடியில் இருக்கிற சொல்தா வீட்டு அம்மாவை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்த அம்மா நீட்டு ரொட்டியும், எலும்பு போட்டுக் காய்கறி வேகவைத்து வடித்த தெளிவான சூப்பும் தினமும் அனுப்பினார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். வந்த பெண்கள் எல்லாரும் ஆபரேஷனைப் பற்றிப் பேசினார்கள், தையலைப் பற்றிப் பேசினார்கள், அவர்கள் நாத்தனாருக்குக் கர்ப்பப்பை எடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். குழந்தை என்ற சொல்லை ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை. அவள் மனசு நோகக் கூடாது என்றுதான்.

அம்மா இரண்டு வாய் சாப்பிடுவாள், தட்டைத் தள்ளிவிடுவாள். பெரியம்மா மிளகு ரசம் வைத்துப் பார்த்தார், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையில் மலச்சிக்கல் வேறு. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து, போகாமலே இருக்கலாம் என்று சாப்பாட்டைக் குறைத்தாள். வெந்நீரும் பப்பாளிப் பழமும் கொடுத்து, டாக்டரம்மா கொடுத்த மருந்தையும் கொடுத்து, அது ஒருவழியாகச் சரியானது. ஆனாலும் சாப்பிடவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

காட்டப் போனபோது டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "தையல் ஆறிடுச்சி. குடல் நல்லா வேல செய்யுது. எல்லாச் சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடலாம். ஏன் இவ்வளவு இளச்சிட்டீங்க?" என்றார். அம்மா முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "இப்படியே சாப்பிடாம இருந்தா மறுபடியும் படுக்கையில விழுந்துடுவாங்க, பாத்துக்கங்க" என்றார்.

அன்று மத்தியானம் பெரியம்மா தட்டில் இட்லியும் பாலும் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். பெரியவ பொறந்தப்ப எனக்கு இன்னா போட்ட?"

பெரியம்மா தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப ஏண்டி அதெல்லாம்?"

"சொல்லு. இன்னா போட்ட?"

"பூண்டுக் கொழம்பு. பத்தியக் கொழம்பு."

"சின்னவன் பொறந்தப்ப?"

"அதேதான்."

"இப்ப ஏன் இட்லிய வெச்சிக்கினு வர? நான் புள்ள பெத்தவ இல்லயா?"

பெரியம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டார். "அதில்லடி... பூண்டு சாப்புட்டா பாலு ஊறும்டி. அடங்கிக் கெடக்கறத எதுக்குக் கெளப்பணும்? அதான்டி வைக்கல. நீ நெனச்சிக்கினு அழுவியேன்னுதான்..."

"ஊறுனா ஊறட்டும். ஏழு மாசம் சொமந்தேன். வயித்த அறுத்துத்தான் எடுத்தாங்க. காலு என் காலு மாதிரி இருந்துச்சாம். வர்றவங்க எல்லாம் எனக்கு ஏதோ கட்டிய எடுத்த மாதிரி ரொட்டி குடுத்துட்டுப் போறாங்க. எனக்கு யாரும் புள்ள பெத்தவ சாப்பாடு போடலயேக்கா."

ஆஸ்பத்திரியில் கஞ்சி வாயில் பட்டதும் ஏன் அழுதாள் என்று அப்போது புரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வருகிற பசியாக இல்லாமல், வெறும் நோயாளியின் பசியாக வந்தது அவளுக்கு.

நான் டாக்டரம்மாவைக் கேட்காமல் எதையும் செய்ய பயந்தேன். மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, வாசலில் காத்திருந்து கேட்டேன். "பூண்டுதானே, தாராளமா கொடுங்க. காரம், எண்ணெய் மட்டும் குறைச்சிப் போடுங்க. பால் வந்து கட்டிக்கிட்டா மட்டும் வந்து காட்டுங்க" என்றார். பெரியம்மா அன்றே பூண்டு உரித்தார். மடி நிறைய. மிளகு, சீரகம், சுக்கு, கொஞ்சம் பெருங்காயம் வறுத்து அரைத்தார். நல்லெண்ணெயில் பூண்டு வெந்தபோது அந்த வாசனை தெருவுக்கே போனது. சொல்தா வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தார். அடுப்பில் இருந்ததைப் பார்த்ததும் சமையற்கட்டிலேயே உட்கார்ந்து பெரியம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே உரித்தார்கள்.

சூடான சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து அம்மா சாப்பிட்டாள். கண்ணீர் தட்டில் விழுந்தது, அதையும் சேர்த்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடு என்றாள். சாப்பிட்டு முடித்து ஒரு பெரிய ஏப்பம் விட்டாள். சின்னவன் பயந்துபோய்ப் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். பெரியம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார்.

பெரியவளே, நீ அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றாய். "எனக்கு?" என்று கேட்டாய். "ஒனக்கு இது இல்லம்மா, இது புள்ள பெத்தவங்க சாப்புடறது" என்றார் பெரியம்மா. "அப்ப பாப்பா?" என்றாய். அம்மா உன்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தட்டை வழித்து ஒரு வாய் ஊட்டினாள். "ஒன் தங்கச்சிதான். பொறந்துச்சி. நெறைய முடி" என்றாள். அது உன் மனசில் நிற்கவில்லை போலிருக்கிறது. மிளகு உறைத்து நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீருக்கு ஓடிவிட்டாய்.

கொஞ்ச நாள் கழித்து, பெரியம்மா தன் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதாயிற்று. அதன்பிறகு நான்தான் அந்தக் குழம்பை வைத்தேன். கூடத்தில் உட்கார்ந்தபடியே அம்மா சத்தம் போடுவாள். "பூண்டு கருவுது, கிண்டுங்க." "வேன் ஓட்டற மாதிரி கரண்டிய ஓட்டாதீங்க, மெதுவா." "புளி ஜாஸ்தி." வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. பார்க்க வந்தவர்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு நிமிஷம் திகைத்து நிற்பார்கள். பிறகு, "இன்னா கொழந்த?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அம்மா சொல்வாள். சொல்லிவிட்டு அழுவாள். அழுதுவிட்டுச் சாப்பிடுவாள்.

எத்தனை நாள் இதைச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்குக் கணக்கு இருந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு நாள் சாப்பிட்டாளோ அவ்வளவு நாள். அந்த நாள் வந்ததும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். புதுசு கட்டவில்லை, துவைத்த புடவை கட்டிக்கொண்டாள். என்னை வேனை எடுக்கச் சொன்னாள். பெரியவளே, உன்னைப் பள்ளிக்கூடத்திலும் சின்னவனைச் சொல்தா வீட்டிலும் விட்டுவிட்டு ஆற்றோரம் போனோம். பூவரச மரத்துக்குக் கிழக்கே முள்ளும் கல்லும் அப்படியே இருந்தன. ஒரு டம்ளர் பால் கொண்டுவந்திருந்தாள். ஊற்றினாள். மண் உடனே குடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சமையற்கட்டில் நுழைந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அடுப்படிக்கு அவள் வந்தது அன்றுதான். நான் அடுப்பில் வைத்திருந்த சின்னச் சட்டியைப் பார்த்தாள். கடைசியாக மீந்திருந்த குழம்பைச் சோற்றில் போட்டு நின்றபடியே சாப்பிட்டாள். சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளையிலருந்து எல்லாருக்கும் ஒரே கொழம்பு வெச்சிடலாம்" என்றாள்.